47ஆம் உறை: கலாபகோஸ் லைக்கன் நாட்குறிப்பு

முதல் நாள்

பால்ட்ரா விமான நிலையத்துக்கு வெளியே நான் எடுத்த முதல் லைக்கன் படம் லைக்கனே இல்லை. கருங்கல் ஒன்றில் வெள்ளையாக, ஓரத்தில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி படர்ந்திருந்தது. மண்டியிட்டு நாலைந்து படம் எடுத்தேன். பின்னால் வந்து நின்ற அக்கா, "தம்பி, அது பறவை எச்சம்" என்றார்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. இருபது வருடங்களாக லைக்கன் வகைப்பாட்டில் இருப்பவர். அதிலும் மரப்பட்டையில் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு வளருகிற, பார்த்தால் சுண்ணாம்புக் கறை என்று நினைத்துக் கடந்துபோகிற வகைதான் அவருக்குப் பிடித்தது. இந்தப் பயணத்துக்கு வாங்கிய ஆய்வு அனுமதியில் உதவியாளர் என்று என் பெயர் இருக்கிறது. எனக்கு இருக்கும் தகுதி இரண்டு: கையெழுத்து நன்றாக இருக்கும், மூட்டை தூக்குவேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைக்கன் ஒரு செடி அல்ல. ஒரு பூஞ்சையும் அதற்குள் வாழும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடும்பம். பாசி வெயிலில் சமைக்கிறது, பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது. பச்சைப் பாசிக்குப் பதில் சிலவற்றில் நீலப்பச்சைப் பாசி இருக்கும். கல்பாசி என்று நாம் சொல்வதும் லைக்கன்தான். இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. வீட்டில் இருவர் இருந்தாலும் பெயர்ப்பலகை பூஞ்சைக்கு மட்டும்தான். லைக்கனுக்கு வைக்கும் அறிவியல் பெயர் அதிலிருக்கும் பூஞ்சையின் பெயர். பாசிக்குத் தனிப் பெயர். பாவம், சமைப்பவரை யாரும் கேட்பதில்லை.

பால்ட்ராவிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம், இடாபாகா கால்வாயைப் படகில் கடந்தால் சாண்டா குரூஸ் தீவு. அங்கிருந்து தீவின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கும் சாலை சுமார் நாற்பது கிலோமீட்டர். "தூங்காதே, ஜன்னலையே பார்த்துக்கிட்டு வா. இந்த ஒரு சாலையில மொத்தப் பாடமும் இருக்கு" என்றார் அக்கா.

வடக்குப் பக்கம் வறண்ட காடு. இலையுதிர்த்த பாலோ சாந்தோ மரங்கள், எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து நின்றன. அந்த வெளுப்பில் பெரும்பங்கு பட்டையின் நிறம் அல்ல, லைக்கன். மேலே ஏற ஏற மரங்கள் பச்சை கட்டின. உச்சியை நெருங்கியபோது பனிமூட்டம் சாலையை மூடிவிட்டது, கண்ணாடி துடைப்பான் ஓடத் தொடங்கியது. மறுபக்கம் இறங்கினால் மறுபடி வெயில், கள்ளி. ஒரு மணி நேரத்துக்குள் பாலைவனம், மழைக்காடு, பாலைவனம். தென்கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து தெற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது, வடக்குக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை மலைமேல் நிற்கும் இந்தச் சாரல் மூட்டத்துக்கு இங்கே 'கருவா' என்று பெயர்.

புவெர்ட்டோ அயோரா வந்து சேர்ந்தபோது மாலை நான்கு. உறைகளை மடித்துவிட்டுத் தூங்கப் போகிறேன். சேகரிக்கும் லைக்கன் துண்டுகளைப் போட்டுவைக்க இருநூறு காகித உறை மடிக்க வேண்டும்.

இரண்டாம் நாள்

காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். எல் கர்ராபடேரோ கடற்கரைக்குப் போகும் பக்கம், அனுமதியில் குறித்திருக்கும் ஒரு துண்டு வறண்ட காடு. கூடவே தேசியப் பூங்காவின் விதிப்படி ஒரு வழிகாட்டி. தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்காவுக்குச் சொந்தம், எனவே இங்கே எதையும் தொட்டு எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும். சுற்றுலா வந்தவர் ஒரு கூழாங்கல்லைக்கூடப் பையில் போடக் கூடாது.

கருவிகள் ரொம்ப எளிமை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கத்தி, சின்ன உளி, சுத்தியல், தண்ணீர் தெளிக்கும் புட்டி, காகித உறை, பென்சில். தண்ணீர்ப் புட்டி எதற்கு என்று கேட்டேன். அக்கா ஒரு சாம்பல் திட்டின்மேல் இரண்டு முறை தெளித்தார். பத்து விநாடியில் அது பச்சையானது. காய்ந்து கிடக்கும்போது மேல்தோல் ஒளியை மறைத்துவிடும். நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் பாசி தெரியும்.

இங்கே மழையே இல்லாத மாதங்களில் எப்படிப் பிழைக்கின்றன? அதற்கு அக்கா சொன்ன பதில்தான் இன்று நான் கற்றதில் முக்கியமானது. பச்சைப் பாசி வைத்திருக்கும் லைக்கனுக்குச் சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் ஏறினாலே போதும், விழித்துக்கொண்டு ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். நீலப்பச்சைப் பாசி வைத்திருப்பதற்கு அது போதாது, நீர் நீராகவே வந்து நனைக்க வேண்டும். அதனால் கடலோர வறண்ட காட்டில் பச்சைப் பாசிக் கூட்டணி அதிகம். மேலே மேகக் காட்டுக்குப் போனால் நீலப்பச்சைக் கூட்டணியும் வந்துவிடும். நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்த பாடம் இதுதான்.

ஒரே பாலோ சாந்தோ மரத்தின் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றோம். தூரத்திலிருந்து ஒரே வெள்ளை. லென்ஸ் வைத்தால் அது நாட்டு வரைபடம் மாதிரி எல்லை பிரித்துக்கொண்டு கிடந்தது. ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. அது பூஞ்சைகள் போட்டுக்கொண்ட வரப்பு. ஒன்றில் கறுப்புப் புள்ளிகள், ஒன்றில் மெழுகு நிறக் கிண்ணங்கள், ஒன்றில் வெறும் மாவு. இன்னொன்றில் யாரோ பனையோலையில் எழுத்தாணியால் கிறுக்கியது மாதிரி கறுப்புக் கீறல்கள். அது கிராஃபிஸ் பேரினம், எழுத்து லைக்கன் என்றே சொல்லலாம். சில இனங்களில் கீறல்கள் நேராக, சிலவற்றில் வளைந்து நெளிந்து. "இது வட்டெழுத்து" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் இந்த ஜோக்கை எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

47ஆம் உறையில் போட்டது இந்த மரத்திலிருந்துதான். ஐந்து ரூபாய் நாணயம் அளவு வெள்ளை ஓடு, அதன்மேல் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு வட்டுகள். பார்க்க அழகாகக்கூட இல்லை. ஆனால் அக்கா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "ப்யூலியா மாதிரி இருக்கு. ஆனா ஓட்டோட ஓரம் சரியில்லையே" என்றார். ப்யூலியா ஒரு லைக்கன் பேரினம். அவர் 'சரியில்லையே' என்றால் அன்றைய பொழுது நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

இரவு, அறையில் ரசாயனக் கடை. லைக்கனை அடையாளம் காண்பதில் பாதி இதுதான். பூஞ்சைகள் தயாரிக்கும் அமிலங்கள் இனத்துக்கு இனம் மாறும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் சொட்டு மருந்து பிரித்துவிடும். 'கே' என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 'சி' என்பது சாதாரணச் சலவை பிளீச். 'பி' என்று ஒன்று உண்டு, பாராஃபினிலின்டைஅமின், அதை அக்கா கையுறை போட்டுக்கொண்டு தானே வைத்துக்கொள்கிறார், என்னிடம் தருவதில்லை. அது நஞ்சு.

கள்ளியில் தொங்கிய ரொசெல்லா என்ற லைக்கனின் தோலில் பிளீச் சொட்டு வைத்ததும் ரத்தச் சிவப்பு. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தோம். சாம்பல் துண்டுகளின் நடுவே ஒன்று மட்டும் எலுமிச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. பிக்ஸின் பேரினத்தைச் சேர்ந்தது, உள்ளே லைக்கசாந்தோன் என்ற பொருள். பகலில் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

47க்கு 'கே' வைத்தோம். முதலில் மஞ்சள், அரை நிமிடத்தில் துரு நிறம், பிறகு சிவப்பு. நார்ஸ்டிக்டிக் அமிலம். "ப்யூலியாவுல பாதி இதைத்தான் வச்சிருக்கு" என்று அலுத்துக்கொண்டார். சரி, இன்றைக்கு இவ்வளவுதான்.

மூன்றாம் நாள்

இன்று மேலே, லாஸ் ஹெமெலோஸ். நிலம் உள்வாங்கி உண்டான இரட்டைப் பள்ளங்கள், சுற்றிலும் ஸ்கலேசியா காடு. ஸ்கலேசியா சூரியகாந்திக் குடும்பம். மற்ற ஊர்களில் செடியாக நிற்கும் குடும்பத்தில் பிறந்து இங்கே பதினைந்து மீட்டர் மரமாக வளர்ந்துவிட்டது. சாண்டா குரூஸில் இந்தக் காட்டில் பெரும்பகுதி விவசாயத்துக்காக அழிந்து, எஞ்சியது சின்னத் துண்டு. அதற்குள்ளும் வெளியிலிருந்து வந்த முள்ளுப்பழக் கொடி புகுந்து அடியில் வெளிச்சமே விடாமல் மூடுகிறது.

கருவா பிடித்துக்கொண்டது. மழை என்று சொல்ல முடியாது, ஆனால் சட்டை பிழிகிற மாதிரி நனைந்தது. கிளைகளெல்லாம் கம்பளி போர்த்தியிருந்தன. இங்கிருக்கும் ஒரு உயரப் பட்டைக்குப் 'பழுப்பு மண்டலம்' என்றே பெயர். மரங்களில் தொங்கும் ஈரல்பாசிகள் (லைக்கனுக்குள் வாழும் பாசி அல்ல, தனிச் சிறு தாவரங்கள்) காய்ந்து பழுப்பாவதால். அந்தக் கம்பளிக்குள் விரலால் விலக்கி விலக்கித் தேட வேண்டும்.

அக்கா தேடியது கிடைத்தது. ஈரல்பாசிகளுக்கு நடுவே சின்னச் சின்ன விசிறிகள், சாம்பல் கலந்த வெள்ளை, ஓரம் உள்பக்கம் சுருண்டிருந்தது. மரத்தில் முளைக்கும் தட்டுக்காளான் குட்டி போட்ட மாதிரி. கோரா என்ற பேரினம். லைக்கன் பூஞ்சைகளில் ஏறக்குறைய எல்லாமே குடைக்காளானுக்கு நெருங்கிய உறவில்லாத வேறொரு பக்கம். குடைக்காளானின் உறவுக்காரப் பூஞ்சை பாசியோடு சேர்ந்து லைக்கன் ஆவது ரொம்ப அபூர்வம். கோரா அந்த அபூர்வக் கூட்டம். உள்ளே நீலப்பச்சைப் பாசி.

இந்த விசிறியின் கதை எனக்குப் பிடித்திருந்தது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெகுகாலம் இதை டிக்டியோனீமா கிளாப்ராட்டம் என்ற ஒரே சிற்றினமாகத்தான் வைத்திருந்தார்கள். லத்தீன் அமெரிக்க மலைகள் முழுக்க ஒரே ஆள் என்று நம்பிக்கை. டி.என்.ஏ. பார்க்கத் தொடங்கியபோது அந்த ஒரு ஆள் உடைந்துகொண்டே போனார். 2014இல் வெளியான ஆய்வு 126 சிற்றினங்கள் என்றது, மொத்தம் 400க்கு மேல் இருக்கலாம் என்றும் கணக்குச் சொன்னது. ஒன்று, நூற்றிருபத்தாறு. 2017இல் கலாபகோஸ் விசிறிகளையும் அவற்றின் உறவினரையும் பிரித்துப் பார்த்தபோது கோரா கலாபகோயென்சிஸ், கோரா சாண்டாகுரூசென்சிஸ் என்று இந்தத் தீவுகளின் பெயரிலேயே புதிய சிற்றினங்கள் வந்தன.

"அப்போ பழைய பெயர் தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பு இல்ல. அவங்க பார்த்த அளவுக்குச் சரி. அவங்ககிட்ட இருந்தது உலர்ந்து சுருங்கின துண்டு. உயிரோட இருக்கும்போது இருக்கிற நிறம், ஓரத்து முடி, வளரும் இடம், எதுவுமே உறைக்குள்ள வராது. அதனாலதான் உன்னை எழுதச் சொல்றேன்."

இன்னொன்றும் பார்த்தோம். ஈரல்பாசிமேல் நீலம் கலந்த சாம்பல் பூஞ்சணம் பிடித்த மாதிரி, செதில் செதிலாக. அகாந்தோலைக்கன். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களில் முள் முளைத்திருக்கும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1998இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது ஒரே ஒரு சிற்றினம். 2016இல் ஆறு. அந்த ஆறில் ஒன்று அகாந்தோலைக்கன் கலாபகோயென்சிஸ். என்னிடம் தனியாக விட்டிருந்தால் 'கெட்டுப்போன பாசி' என்று எழுதியிருப்பேன்.

இப்போது என் தவறு. பென்சில் முனை உடைந்துவிட்டது. சோம்பல்பட்டு, சட்டைப்பையில் இருந்த பேனாவால் ஒன்பது உறைகளில் எழுதினேன். பை நனைந்தது, மை கரைந்தது. மாலையில் திறந்து பார்த்தால் ஒன்பது உறைகளிலும் அழகான நீல மேகம்.

நான்காம் நாள்

வெளியே போகவில்லை. அறை முழுக்கச் செய்தித்தாள், அதன்மேல் லைக்கன்கள் காய்கின்றன. ஈரத்தோடு உறைக்குள் மூடினால் வேறு பூஞ்சை வந்து தின்றுவிடும். அக்காவின் களக்குறிப்பேட்டை வைத்து ஒன்பதில் எட்டை மீட்டோம். ஒன்றைத் தூக்கிப் போட்டார். எங்கே எடுத்தது என்று தெரியாத துண்டு வெறும் குப்பை என்பது அவர் கட்சி.

அதைவிடப் பெரிய குண்டு மதியம் வெடித்தது. 47 என்று இரண்டு உறைகள் இருந்தன. இரண்டாம் நாள் எண் போடும்போது தூக்கக் கலக்கம். ஒன்று பாலோ சாந்தோவில் எடுத்தது, ஒன்று பக்கத்து ஒபன்ஷியா கள்ளியின் அடிமரத்தில். இரண்டிலும் வெள்ளை ஓடு, கறுப்புப் புள்ளி. மரத்தின் பெயரை இரண்டிலும் எழுதாமல் 'மேற்படி' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு துண்டை எடுத்து அடிப்பக்கத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டி மூக்கில் வைத்தார். பிறகு மற்றதை. முதல் துண்டை என்னிடம் நீட்டினார். சாம்பிராணி வாசனை! பாலோ சாந்தோ, சாம்பிராணி மரத்தின் குடும்பம். பட்டையில் பிசின் இருக்கும். கள்ளிக்கு அந்த வாசனை கிடையாது. ஆக, மூக்கால் தீர்ந்தது வழக்கு. கள்ளித் துண்டு 47அ ஆனது.

ஐந்தாம் நாள்

ஃப்ளோரியானா தீவு. விசைப்படகில் இரண்டு மணி நேரம். கடல் என்னை என்ன செய்தது என்பதை எழுதப் போவதில்லை.

இருநூறு பேர்கூட வசிக்காத இந்தத் தீவுக்கு வந்ததற்குக் காரணம் ரொசெல்லா. இங்கே அதற்கு ஒர்ச்சில்யா என்று பெயர். பாறை முகப்பிலும் மரக்கிளையிலும் சாம்பல் நிறத் தாடியாகத் தொங்குகிறது. 1832இல் எக்வடோர் இந்தத் தீவுகளைத் தனதாக்கியது. அதே ஆண்டில் ஹோசே தெ வில்யாமில் ஆட்களோடு இங்கே குடியேறினார். அவர் கண்ணில் பட்ட வருமானங்களில் ஒன்று இந்தத் தாடி. பின்னால் சான் கிறிஸ்தோபலில் கரும்புத் தோட்டம் போட்ட மனுவேல் கோபோஸும் தொடங்கியது ஒர்ச்சில்யா வியாபாரத்தில்தான்.

இதற்கு ஏன் கிராக்கி? அன்று இரவு பிளீச்சில் சிவந்ததே, அந்தப் பொருள்தான். அம்மோனியா கலந்த நீரில் காற்றுப் பட வாரக்கணக்கில் ஊறவைத்தால் ஊதாச் சாயம். பழைய காலத்தில் அம்மோனியாவுக்கு ஐரோப்பாவில் ஊறின சிறுநீர்! ராஜாக்களின் அங்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் பார்த்த லிட்மஸும் இந்தக் கூட்டத்து லைக்கனிலிருந்து வந்ததுதான். 1856க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வந்து இந்த வியாபாரத்தை மெல்ல மெல்லச் சாய்த்தன. வகைப்பாட்டு ஆட்கள் யாரும் வருவதற்கு முன்பே, மூட்டை கட்டியவர்களுக்கு எந்தத் தாடி சாயம் தரும், எது தராது என்று தெரிந்திருக்கும். ஏனென்றால் பக்கத்திலேயே ராமலினா என்று இன்னொரு தாடி தொங்குகிறது. பச்சை சாயல், தட்டையான கிளைகள். அதில் பிளீச் வைத்தால் ஒன்றும் நடக்காது. அந்த ராமலினாவில் ஒன்றுக்கு 2007இல் டார்வின் பெயரை வைத்தார்கள், ராமலினா டார்வினியானா. டார்வின் இந்தத் தீவில் கால் வைத்தது 1835 செப்டம்பரில்.

திரும்பும் படகிலும் கடல் அதேதான்.

ஆறாம் நாள்

நுண்ணோக்கி நாள். சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில், ஒரு மேசை. நாங்கள் எடுத்ததெல்லாம் இங்கேதான் இருக்கப் போகிறது. வெளிநாட்டுக்கு ஒரு துண்டு போக வேண்டுமென்றாலும் ஏற்றுமதி அனுமதி, மரபணு ஆய்வுக்கு அதற்கென்று இன்னொரு அனுமதி.

47இன் கறுப்பு வட்டு ஒன்றைச் சவர பிளேடால் அக்கா சீவினார். தலைமுடியைக் குறுக்காக வெட்டுகிற மாதிரி வேலை. நான் முயன்றதில் வட்டு பறந்து எங்கோ போய்விட்டது. கண்ணாடித் தகட்டில், தண்ணீரில் வைத்து உருப்பெருக்கியதும் சாம்பல் கறை ஊராக விரிந்தது. வட்டின் உள்ளே நட்டுக்குத்தலாகப் பைகள், ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள். காப்பிக் கொட்டை நிறம், நடுவே ஒரு தடுப்பு. இரண்டு அறை வீடு. "ப்யூலியாதான்" என்றார் அக்கா. பேரினம் முடிந்தது. இதுவரைக்கும் யாரும் வந்துவிடலாம்.

வித்துகளை அளந்தோம், இருபது எண்ணிக்கை. 11 முதல் 14 மைக்ரோமீட்டர் நீளம். 'கே' விட்டுக் காத்திருந்தால் சிவப்பு ஊசிகளாகப் படிகம். நார்ஸ்டிக்டிக் உறுதி. வித்துகளுக்கு இடையே எண்ணெய்த் துளிகள் உண்டா என்று பார்க்க வேண்டும், இந்தப் பேரினத்தில் அது முக்கியமான கேள்வி. அயோடின் விட்டால் ஓட்டின் உள்பகுதி நீலமாகிறதா? வித்தின் மேல் சொரசொரப்பு இருக்கிறதா? அதற்கு ஆயிரம் மடங்கு, எண்ணெய் லென்ஸ்.

இனம் காணும் திறவுகோல் என்பது ஆம், இல்லை என்று கேட்டுக்கொண்டே போகும் பாதை. எங்கள் பாதை ஒன்பதாவது கேள்வி வரை வழுக்கிக்கொண்டு போனது. பத்தாவதில் எண்ணெய்த் துளி உண்டா, இல்லையா? எங்களுக்கு 'கொஞ்சம்'. கொஞ்சம் என்று ஒரு பதில் திறவுகோலில் கிடையாது. உண்டு என்று போனால் வித்து சின்னதாக இருக்கிறது. இல்லை என்று போனால் அயோடின் இடிக்கிறது. இரண்டு பக்கமும் சுவர்.

கள்ளியில் எடுத்த 47அ அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வேறு சிற்றினம், ஏற்கெனவே பெயர் உள்ளது. அந்த இரண்டையும் ஒரே உறையாகச் சேர்த்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், வியர்த்தது.

"புதுசுன்னு அறிவிச்சிடலாமா அக்கா?" ஆசை யாரை விட்டது.

"ஒரே ஒரு உறையை வச்சுக்கிட்டா?"

பிறகு ஒரு மணி நேரம் பேசினார். பெயர் வைப்பது சுலபம், எழுதுகிற விதிகள்தான் இப்போது கறாராக இருக்கின்றன. 2011 முடியும் வரை லத்தீனில் வர்ணனை கட்டாயம். இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். 2013 முதல் பூஞ்சைப் பெயர் என்றால் பதிவேட்டில் எண் வாங்க வேண்டும். அந்தப் பெயருக்கு ஆதாரமாக வகைமாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் வைக்க வேண்டும். கஷ்டம் இதெல்லாம் இல்லை. உலகத்தில் எங்காவது, யாராவது, எப்போதாவது இதற்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்களா என்பதுதான் கஷ்டம். வெப்பமண்டல லைக்கன்கள் பல முதலில் பெயர் பெற்றது காட்டில் அல்ல, மருந்துப் பட்டை மூட்டைகளில். 1820களில் ஃபே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், ஐரோப்பாவுக்கு மருந்துக்காக வந்த சின்கோனா போன்ற பட்டைகளின் மேல் ஒட்டியிருந்த லைக்கன்களை உட்கார்ந்து வர்ணித்தார். எந்த மலை, எந்தச் சரிவு என்பதெல்லாம் பட்டை வியாபாரிக்கே வெளிச்சம். 47க்கு அப்படி ஒரு இருநூறு வருடப் பழைய பெயர் ஏதாவது பாரீஸ் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

(அந்தச் சின்கோனா மரம் இப்போது இதே தீவின் மேட்டில் களை. 1940களில் கொண்டுவந்து நட்டது பரவி, வெட்டி வெட்டி மாளவில்லை. லைக்கனைச் சுமந்து வெளியே போன பட்டை, மரமாகத் திரும்பி வந்து லைக்கன் காட்டை மூடுகிறது.)

கலாபகோஸிலேயே முறையான லைக்கன் தேடல் தாமதமாகத்தான் தொடங்கியது. 1964இல் ஒரு பன்னாட்டு அறிவியல் பயணத்தில் வில்லியம் வெபர் என்ற அமெரிக்கர் வந்து நிறையச் சேகரித்தார், 1966இல் பட்டியல் வெளியிட்டார். பிறகு இந்த நூற்றாண்டில்தான் ஃபிராங்க் புங்கார்ட்ஸ் இந்த நிலையத்திலிருந்து தீவு தீவாகக் கணக்கெடுத்தார். அவருக்கும் ப்யூலியாதான் பிடித்த பேரினம் என்பதால் அக்கா இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்கிறார்: "அவர் பார்க்காம விட்டிருப்பார்னு நினைக்கறதுக்கு முன்னாடி, நான் தப்பாப் பார்க்கறேன்னு நினைக்கறது நல்லது."

ஏழாம் நாள்

மறுபடி அதே காடு, 47இன் மரம். இந்த முறை கத்தியைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. சுற்றியிருக்கும் மரங்களில் அதே ஓடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பது மரம் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை ஓடுகள் கண்ணைக் கூசும். தொப்பியைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு நிலவோணான் வந்து என் பூட்ஸைப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது எனக்குத்தான் விதி, அதற்கு இல்லை போலிருக்கிறது.

இருபத்திரண்டாவது மரத்தில் நான் கண்டுபிடித்தேன். ஆமாம், நான்தான்! அதே ஓடு, அதே வட்டு, அக்கா சொன்ன 'சரியில்லாத' ஓரம். எனக்கு இப்போது அது தெரிகிறது: விளிம்பு மெலிந்து முடியாமல், வெட்டிவைத்த மாதிரி தடித்து நிற்கிறது. முப்பத்தொன்றாவது மரத்தில் இன்னொன்று. எல்லாம் கிளையில் அல்ல, அடிமரத்தில், தெற்கு முகத்தில், காற்று வரும் பக்கம். உறைகள் 163, 164. பென்சிலில் எழுதினேன், மரத்தின் பெயரை முழுசாக எழுதினேன், 'மேற்படி' போடவில்லை.

இரவு சோதித்தால் 163 அப்படியே 47. 164இல் 'கே' மஞ்சளோடு நின்றுவிட்டது, சிவக்கவில்லை. படிகமும் இல்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். வேறு சிற்றினமா, அமிலம் செய்யாத அதே சிற்றினமா? ஒரே சிற்றினத்துக்குள் ரசாயனம் மாறுவதும் உண்டு, ரசாயனம் மாறியதைப் பார்த்துத் தனிச் சிற்றினம் என்று கண்டுபிடித்ததும் உண்டு. டி.என்.ஏ. பார்த்தால் தெரியலாம். பூஞ்சைகளுக்குப் பொது அடையாளப் பட்டை என்று 2012இல் ஏற்றுக்கொண்ட ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் படித்து ஒப்பிட வேண்டும். ஆனால் ஒப்பிடுவதற்கு மற்ற ப்யூலியாக்களின் வரிசையும் இருக்க வேண்டுமே.

"முன்னைவிடக் குழப்பம்தானே?" என்றேன்.

"முன்ன ஒரு உறை. இப்ப மூணு" என்றார், சந்தோஷமாக.

எட்டாம் நாள்

கடைசி நாள், ஹெர்பேரியத்தில் ஒப்படைப்பு. உறைகளை உறைகுளிரில் வைத்துப் பூச்சி கொன்ற பிறகுதான் அலமாரிக்குப் போகும். 171 உறைகள். அவற்றில் சிற்றினம் வரை பெயர் எழுதியது 88. பேரினம் மட்டும் எழுதியது 70. மீதிப் பதின்மூன்றில் 'மலடு' என்று எழுதியிருக்கிறோம். கிண்ணமோ வித்தோ இல்லாத வெறும் ஓடு, இப்போதைக்கு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் இதைத் தோல்விக் கணக்காகத்தான் முதலில் பார்த்தேன். அக்கா 88ஐப் பார்த்து, "அதிகமா இருக்கே, நாலஞ்சு தப்பு இருக்கும்" என்று மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டில் பெயரை அடித்து பேரினத்தோடு நிறுத்தினார்.

அலமாரியில் பக்கத்தில் இருந்த ஒரு பழைய உறையைக் காட்டினார். முதல் பெயர் தட்டச்சில். அதன்கீழ் ஒட்டிய சின்னத் தாளில் வேறொருவர் கையெழுத்தில் வேறு பெயர், ஆண்டு. அதற்கும் கீழே இன்னொரு தாள், மூன்றாவது பெயர். பழைய பெயரை யாரும் அழிக்கவில்லை, கிழிக்கவில்லை. யார் எந்த ஆண்டில் என்ன நினைத்தார்கள் என்பது வரிசையாக ஒட்டியிருந்தது.

47இன் இறுதிச் சீட்டை எழுத என்னைக் கூப்பிட்டார். கையெழுத்து நன்றாக இருக்குமே. ப்யூலியா என்று எழுதினேன். சிற்றினம் என்ற இடத்தில் ஒரு கோடு. பாலோ சாந்தோ அடிமரம், தெற்கு முகம், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர். கே மஞ்சள், பிறகு சிவப்பு. எண்ணெய்த் துளி கொஞ்சம். 163, 164 உடன் ஒப்பிடுக.

சீட்டை உறையின் நடுவில் வைத்து ஒட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து மேலே நகர்த்தினார்.

"கீழே ரெண்டு விரல் இடம் விடு. அடுத்தவங்க ஒட்டணும்ல."